ஜன்னல் பலகைக்கு அடியில் ஈரம்

அச்சங்குளம்
14 ஜூலை 2025

ஜாஸ்பினுக்கு,

நலமா என்று கேட்டு எழுதவில்லை. நீ பதில் போட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. எனக்கு ஒரு சந்தேகம். அதை ஒரு நர்சிடம்தான் கேட்க முடியும், எனக்குத் தெரிந்த நர்சு நீ ஒருத்திதான். போனில் கேட்டிருக்கலாம். உன் குரல் வந்தால் அன்றைக்குப் பிண அறை வாசலில் நீ போட்ட சத்தம்தான் எனக்குக் கேட்கும். அதனால் எழுதுகிறேன். உன் வீட்டில் தங்கிப் படிக்கிற என் மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். பிரீத்திகா பிரித்துப் படித்தால் பயந்துபோவாள். தபாலில் போடுகிறேன்.

உன் அண்ணன் வாயில் வைத்த பவுச்சு உனக்குத் தெரியும். குட்டித் தலையணை மாதிரி வெள்ளையாக இருக்கும், மேலுதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்வார். சாறு இறங்கி முடிந்ததும் கண்ட இடத்தில் துப்பமாட்டார். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் ஒரு தூசு கிடக்கக்கூடாது. அதனால் கதவு நிலைக்கு அடியில் ஒட்டி வைத்து, வெளியே வரும்போது எடுத்துக்கொண்டு வருவாராம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அடுப்படி ஜன்னல் பலகைக்கு அடியில் ஒட்டுவார். காலையில் தானே சுரண்டி எடுத்துப் போடுவார்.

மார்ச்சில் அவர் போன பிறகு, கடைசியாக ஒட்டிய நாலைந்தைச் சுரண்ட ஆள் இல்லை. ஈஸ்டருக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்தப் பலகைப் பக்கம் மட்டும் மட்டையைக் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். காய்ந்து பல்லி முட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பாத்திரம் கழுவும்போது விரலால் தொட்டுக்கொள்வேன். யாருக்கும் தெரியாது.

நேற்று ஞாயிறு. பிரீத்திகா வந்திருந்தாள். சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டாள். நான் பாத்திரம் கழுவினேன். விரலை வைத்தேன். ஒன்று ஈரமாக இருந்தது.

மோந்து பார்த்தேன். புதினா. அவர் குனிந்து காதுக்குப் பக்கத்தில் ஏதாவது சொன்னால் வருமே, அந்த வாசம்.

நாலு மாதம் முன்னால் ஒட்டியது ஈரமாக இருக்குமா? இங்கே மழை இல்லை. ஜன்னல் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. இருக்கும் என்றால் இருக்கும் என்று எழுது. இருக்காது என்றால் அவர் வந்துபோகிறார். இரண்டில் ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஞானதீபம்


விருதுநகர்
18 ஜூலை 2025

மதினி,

இருக்காது. சில நாட்களிலேயே காய்ந்துவிடும்.

அதற்காக அண்ணன் வந்துபோகிறான் என்று நான் எழுதமாட்டேன். பாத்திரம் கழுவிய கையோடு தொட்டிருப்பீர்கள், அந்த ஈரம் ஏறியிருக்கும். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று பிரீத்திகாவைக் கேட்டால் "இருக்காங்க அத்தை" என்கிறாள். அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. ஒரு நாள் என் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ரத்த அழுத்தம் பார்க்கிறேன். பேசுவதற்கு ஒரு டாக்டரம்மா இருக்கிறார், நல்லவர்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். அங்கே ஒட்டியிருப்பதையெல்லாம் சுரண்டிக் குழியில் போட்டு மூடுங்கள். அதில் புகையிலைத் தூள் இல்லைதான். ஆனால் புகையிலையில் இருக்கிற நிக்கோட்டின் என்கிற விஷச் சரக்கை மட்டும் பிரித்தெடுத்து அதில் அடைத்திருக்கிறார்கள். ஈறு வழியாக நேரே ரத்தத்தில் ஏறும். ஊறி முடிந்ததிலும் மிச்சம் இருக்கும். ஆடு வாயில் போட்டால்கூட ஆபத்து. நீங்கள் தொட்டால் கையைக் கழுவுங்கள்.

அன்றைக்குப் பேசியதை நானும் மறக்கவில்லை. வார்டில் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டவள், சொந்த அண்ணன் முகத்தில் துணியைப் போடும்போது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மகள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது முழுக்கப் பொய் என்றும் என்னால் எழுத முடியவில்லை. இப்போதைக்கு எனக்கு இவ்வளவுதான் வருகிறது.

ஜாஸ்பின்


அச்சங்குளம்
28 ஜூலை 2025

ஜாஸ்பினுக்கு,

பாதிக் கடிதம் ஆறுதல், பாதிக் கடிதம் குத்தல். உங்கள் வீட்டுப் பழக்கம்.

அன்றைக்கு நீ கத்தின மாதிரி, அந்தப் பவுச்சை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இல்லை என்றேனா? சிவகாசியில் பஸ்ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் நானே போய் டப்பா வாங்குவேன். ஆனால் பீடியை விடு, விடு என்று அவர் உயிரை எடுத்தது யார்? "நுரையீரல் கருகிப்போகும்ணே" என்று வந்தபோதெல்லாம் அழுதாயே. அவர் விட்டார். உனக்காகத்தான் விட்டார். பீடி இருந்த இடத்தில் இது வந்தது.

முதல் நாள் அந்த டப்பாவோடு வேலைக்குப் போனதைச் சாயங்காலம் வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கேட்டில் வாட்ச்மேன் ஞானமுத்து அண்ணன் எல்லாரையும் தடவிப் பார்ப்பார். பீடி, தீப்பெட்டி, போன், எதுவும் உள்ளே போகாது. டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "ஏலே ஜெயசுந்தர், இது பத்திக்கிடுமா?" என்று கேட்டாராம். "பத்திக்கிடாதுண்ணே." "அப்ப போலே."

அவ்வளவுதான் விசாரணை. இந்த ஊரில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் நாங்கள் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். தீப்பிடிக்காது என்றதும் எனக்கும் நிம்மதி. மத்தியானம் பீடி குடிக்க வெயிலில் ரோட்டுக்கு ஓட வேண்டாம், சட்டையில் நெருப்புப் பொறி இருக்குமோ என்று நான் பயப்பட வேண்டாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பயந்தது நெருப்புக்கு மட்டும்தான். வாயில் வைக்கிற குட்டித் தலையணைக்கு யார் பயப்படுவார்கள்?

விக்கல் வந்தது. சாப்பிடும்போது, ஜெபம் பண்ணும்போது, எப்போது பார்த்தாலும் விக்கல். "யாருங்க உங்கள இம்புட்டு நெனைக்கிறது?" என்று நான் கேலி பண்ணுவேன். "விருதுநகர்ல ஒருத்தி இருக்கா, ஊசி போடுறவ" என்பார். உன்னைத்தான். நெஞ்சு படபடங்குது என்பார், கூடவே இன்னொன்றை எடுத்து வைப்பார், அது வைத்தால் அடங்குகிறது என்பார். பிரஷர் மாத்திரை தீர்ந்ததை எனக்குச் சொல்லவில்லை. கடைசியில் கம்பெனி வேன் படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், நான் டிபன் தூக்கோடு ஓடுகிறேன். மீதி உனக்குத் தெரியும். இதனால்தான் என்று டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. பிரஷர் உள்ள ஆள் தொட்டிருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். நீ மட்டும் எப்படி எழுதிக் கொடுத்தாய்?

சரி. விஷயத்துக்கு வருகிறேன். நேற்றும் ஈரமாக ஒன்று இருந்தது. கழுவாத கை, காய்ந்த கை. அதனால் நீ சொன்ன காரணம் போயிற்று.

இன்னொன்று. நேற்று சர்ச்சில் பிரசங்கத்துக்கு நடுவே பிரீத்திகாவுக்கு விக்கல். அடக்க அடக்க வருகிறது. அப்படியே உன் அண்ணன் விக்கல், அதே சின்னச் சத்தம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா நினைக்கிறார் என்று காதில் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. அவளுக்கும் தெரியும் போல.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருகிறார். லீவு நாள் அதுதானே. இப்போதெல்லாம் அவர் டம்ளரில் காப்பி ஊற்றி ஜன்னலில் வைக்கிறேன். அவருடைய கடைசி டப்பா, பிரிக்காதது, கைக்குட்டையில் சுற்றி வேதாகமத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். இப்போது பிரித்துவிட்டேன். ஜெபம் முடித்ததும் திறந்து மோந்துவிட்டு மூடிவைப்பேன். அதற்கும் கையைக் கழுவணுமா, எழுது.

ஞானதீபம்


விருதுநகர்
2 ஆகஸ்ட் 2025

மதினி,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் விக்கலைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பவுச்சு வைக்கிறவர்களுக்கு விக்கல் வரும். அண்ணனை யாரும் நினைக்கவில்லை மதினி. அது அந்த நிக்கோட்டின் செய்கிற வேலை. எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவனுக்கு விக்கல் வந்ததே எனக்குத் தெரியாது. பண்டிகைக்குப் பண்டிகை வந்து போகிறவளுக்கு என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்கள் வீட்டுக்கு வருகிறவர் யார்? நான் இதை எழுதுவதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பிரீத்திகா குளிக்கப் போனபோது அவள் பையைத் திறந்தேன். திறக்கக் கூடாதுதான். புத்தகங்களுக்கு அடியில் டப்பா இருந்தது. என் வீட்டு விலாசத்துக்கே பார்சல் வந்திருக்கிறது. முகத்துக்குப் போடுகிற கிரீம் என்றாள், நானே கையெழுத்துப் போட்டு வாங்கி அவள் மேசையில் வைத்திருக்கிறேன்.

குளித்து வந்தவள் டப்பாவை என் கையில் பார்த்தாள். நான் திட்டவில்லை. திட்டி நான் சாதித்ததை மார்ச்சிலேயே பார்த்துவிட்டேன். அவளாகவே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா சட்டைப் பையில இருந்துச்சு அத்தை. மோந்து பாக்கத்தான் எடுத்தேன். ஒரு நாள் வாயில வச்சேன். தல சுத்துச்சு, வாந்தி வந்துச்சு. ஆனா அப்பா பக்கத்துல உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சு. இப்ப அப்படி ஒண்ணும் இல்ல. அப்பாவும் வரல, ஒண்ணும் வரல. வைக்கலன்னா கை நடுங்குது, அம்புட்டுதான்."

ஜன்னல் பலகைக்கு அடியில் ஏன் ஒட்டினாய் என்று கேட்டேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை, அப்பா வைத்த இடம் என்று வைத்தாளாம். "காலைல அப்பா எடுத்துப் போட்டுருவாருல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அதோடு நிறுத்திவிட்டாள்.

போன வாரம் காலேஜ் லேபில் நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிட்டிருக்கிறாள். ஈறில் அது இருக்கிற இடம் வெளுத்திருக்கிறது. சின்னப் பெண், பிரஷர் இல்லை, உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இது பிடித்தால் விடாது. பீடியை விட முடியாதவனுக்கு எந்தக் கயிறோ அதே கயிறுதான் இது. வாசனை மட்டும் வேறு.

அவளை அடிக்காதீர்கள். ஒப்பாரி வைக்காதீர்கள். ஜன்னலில் காப்பி வைக்காதீர்கள்.

ஜாஸ்பின்


அச்சங்குளம்
6 ஆகஸ்ட் 2025

ஜாஸ்பின்,

அவர் வரவில்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை. சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கிற பிள்ளை. உன் வீட்டில் வைத்துக்கொண்டு, பார்சலுக்கும் நீயே கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்குப் புத்தி சொல்கிறாய். அவரை ஒரு தடவை பறிகொடுத்தேன். நீ வந்து இன்னொரு தடவை பறித்துக்கொண்டு போகிறாய்.

நீயும் வர வேண்டாம். அவளும் இப்போதைக்கு வர வேண்டாம். எனக்கு வெடிக்குப் பேப்பர்க் குழாய் சுற்றுகிற வேலை நிறையக் கிடக்கிறது, தீபாவளி சீசன்.

ஞானதீபம்


விருதுநகர்
22 ஆகஸ்ட் 2025

மதினி,

பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அவள் விட்டுக்கொண்டிருக்கிறாள். சுலபமாக இல்லை. முதல் வாரம் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். நான் பாத்திரத்தை வைக்கிற சத்தம்கூட ஆகவில்லை. "நீங்க நர்சு வேலைய ஆஸ்பத்திரியோட வச்சுக்கோங்க" என்றாள். அண்ணன் வாய் அப்படியே. படிக்க உட்கார்ந்தால் மனசு நிற்கவில்லை என்று அழுதாள். டாக்டரிடம் கூட்டிப்போனேன், அவர் வழி சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரு நாள் தோழியிடம் கடன் வாங்கி ஒன்று வைத்துவிட்டாள். அவளே வந்து சொன்னாள். தோழியும் வைக்கிறாளாம். புகை வராது, நாற்றம் வராது, வகுப்பில் வாத்தியாருக்கு முன்னால் உட்கார்ந்தே வைத்துக்கொள்ளலாம். இது எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஆஸ்பத்திரிச் சுவரில் நுரையீரல் படம் மாட்டியிருக்கிறோம், சிகரெட் படம் மாட்டியிருக்கிறோம். இந்த டப்பாவுக்கு ஒரு படம் இல்லை.

ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்கணும் என்கிறாள். நீங்கள் வேண்டாம் என்றதைச் சொல்லவில்லை, பரீட்சை முடியட்டும் என்று சமாளித்தேன். நேற்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அம்மா இன்னும் அந்த டப்பாவ வச்சிருக்காங்களா அத்தை? வேதாகமத்துக்குப் பின்னாடி. அங்க போனா எனக்கு அந்த வாசம் வருது. ரூம்ல இருந்தா வருது. அது இருந்தா நான் போக மாட்டேன். போனா எடுத்துருவேன்."

பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

அண்ணனுக்கு நான் சொன்னது பீடியை விடு என்று மட்டும்தான். விட்ட பிறகு என்ன வைக்கிறான் என்று ஒரு நாளும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. பிண அறை வாசலில் நான் போட்ட சத்தத்தில் பாதி எனக்கே போட்டது மதினி.

ஜாஸ்பின்


அச்சங்குளம்
1 செப்டம்பர் 2025

ஜாஸ்பினுக்கு,

உன் கடிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தேன். டப்பாவுக்கு முன்னால் அது இருந்தது. ரெண்டு நாள் ரெண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் வேண்டாத வெடிமருந்தை யாரும் எரிக்கமாட்டார்கள். தண்ணீரில் முக்கித்தான் சாக விடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். வாளியில் தண்ணீர் எடுத்துவந்து பின்வாசலில் வைத்து, ஒன்று ஒன்றாகப் போட்டேன். முதலில் மிதந்தன. பிறகு நனைந்து முங்கின. வீடு முழுக்கப் புதினா வாசம் எழும்பிற்று, அவர் வாசலில் நின்று செருப்பைக் கழற்றுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் போய் நனைந்த அட்டை வாசம்தான் இருந்தது. ஆடு வந்து வாய் வைக்காமல் மேலே பலகையை மூடி, மறுநாள் வெறும் இடத்தில் குழி தோண்டி ஊற்றினேன். ஜன்னலுக்கு அடியில் இருந்ததையும் சுரண்டிப் போட்டுவிட்டேன். கத்தியால் சுரண்டும்போது எனக்குக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுரண்டினேன். அப்புறம் அந்த இடத்துக்கு மட்டும் நானே சுண்ணாம்பு அடித்தேன்.

காலி டப்பாவை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனேன். அவர் போன பிறகு அந்தப் பக்கம் நான் போனதில்லை. ஞானமுத்து அண்ணன் எழுந்து நின்று, "வாங்க தங்கச்சி, சாப்பிட்டீகளா?" என்றார். டப்பாவைக் காட்டினேன். இதை இன்னும் எத்தனை பேர் உள்ளே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டேன். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பிறகு, "பத்திக்கிடாதத நான் என்ன சொல்லித் தங்கச்சி பிடுங்குறது? ரூல்ல இல்லையே" என்றார்.

"நீங்க பிடுங்க வேண்டாம்ணே. திறந்து பாத்துட்டு, ஜெயசுந்தரும் இதத்தான் வச்சிருந்தான்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவர் டப்பாவை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.

பிறகு பிரீத்திகாவுக்கு நானே போன் போட்டேன். வா என்று சொன்னேன். அது இல்லை என்றும் சொன்னேன். நேற்று வந்தாள்.

வந்ததும் நேரே வேதாகமம் இருக்கிற இடத்துக்குத்தான் போனாள். பின்னால் கையை விட்டுப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மெலிந்திருக்கிறாள். கறிக் குழம்பில் உப்பு இல்லை என்றாள், இருக்கிறது என்றேன், அதற்கு ஒரு சண்டை. சாப்பிடும்போது விக்கல் வந்தது. நான் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"காரம்மா. வெறும் காரம்."

"வாயத் திற."

திறந்தாள். பால்குடிப் பிள்ளையாக இருந்தபோது பல் முளைத்ததா என்று பார்த்த பிறகு நான் அவள் வாய்க்குள் பார்த்ததில்லை. மேலுதட்டைத் தூக்கினேன். ஈறு ஓரிடத்தில் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது, ஒரு பல் கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது. விரலால் தொட்டேன். வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். என் விரல் உள்ளே இருக்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். உன் அண்ணன் வாயையும் யாரும் இப்படிப் பார்க்கவில்லை. நீ மட்டுமில்லை, ஜாஸ்பின். பக்கத்தில் படுத்திருந்த நானும்தான்.

அடுத்த லீவுக்கு அவளோடு நீயும் வா. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று நீ சொல். பழைய பேச்சு எதையும் எடுக்க வேண்டாம், எடுத்தாலும் பரவாயில்லை.

அவள் சாயங்கால பஸ்ஸில் ஏறிப் போனாள். நான் வந்து பாத்திரம் கழுவினேன். எல்லாம் முடிந்த பிறகு ஜன்னல் பலகைக்கு அடியில் விரலை வைத்து, அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. விரலில் சுண்ணாம்புதான் ஒட்டியது.

இந்த வாரம் அவர் வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டேன்.

ஞானதீபம்